வெட் கிட்டா, டிரை கிட்டா?

இந்தப் பத்திக்கு வரும் கேள்விகளில் ஒன்று அண்மைக் காலமாகத் திரும்பத் திரும்ப வருகிறது. "அண்ணே, காடிக்கு நைட்ரஸ் போடலாம் என்று இருக்கிறேன். வெட் கிட் நல்லதா, டிரை கிட் நல்லதா?" கேட்பவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுத் தம்பிகள். கையில் இருப்பது புரோட்டோன் அல்லது பெரோடுவா. அதே காடியில்தான் திங்கட்கிழமை காலையில் வேலைக்கும் போக வேண்டும். மாதம் பிறந்தால் வங்கிக்குத் தவணையும் கட்ட வேண்டும். ஆகவே இதை விளையாட்டுப் பிள்ளைகளின் கேள்வி என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஒரே சொல்லில் பதில் கிடைக்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். கிட் விற்பவர்களும் அப்படித்தான் பதில் சொல்கிறார்கள். கடையில் எது இருக்கிறதோ அதுவே நல்லது! ஆனால் கேள்வியே இங்கு பாதிதான் கேட்கப்படுகிறது. முழுக் கேள்வி இதுதான்: நைட்ரஸ் உள்ளே போகும்போது, அதற்கு ஈடான கூடுதல் பெட்ரோல் எந்த வழியாக வரப் போகிறது? இதற்கு விடை தெரிந்துவிட்டால் வெட்டா டிரையா என்பது தானாகவே தெளிந்துவிடும்.

நைட்ரஸ் எரிவதில்லை

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம். ஹாலிவுட் படங்களில் பொத்தானை அழுத்தியதும் காடி தீப்பிழம்பைக் கக்கிக்கொண்டு பறப்பதைப் பார்த்து, நைட்ரஸ் என்பது பெட்ரோலைவிடச் சக்தி வாய்ந்த ஓர் எரிபொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அது எரிபொருளே அல்ல. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அதே 'சிரிப்பூட்டும் வாயு', நைட்ரஸ் ஆக்சைடுதான். தீக்குச்சியைக் காட்டினால் அது தானாக எரியாது.

அப்படியானால் சக்தி எங்கிருந்து வருகிறது? ஆக்சிஜனிலிருந்து. எடைக் கணக்கில் காற்றில் ஏறத்தாழ 23 விழுக்காடு ஆக்சிஜன். நைட்ரஸில் 36 விழுக்காடு. சிலிண்டருக்குள் வெப்பம் சுமார் 300 பாகை செல்சியஸைத் தாண்டும்போது நைட்ரஸ் உடைந்து அந்த ஆக்சிஜனை விடுவிக்கிறது. கூடுதல் ஆக்சிஜன் இருந்தால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். எரியும் அந்தக் கூடுதல் பெட்ரோல்தான் கூடுதல் குதிரைத்திறன். நைட்ரஸ் கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே வந்து வேலை செய்வது பெட்ரோல்.

இன்னொரு நன்மையும் உண்டு. போத்தலில் திரவமாக இருக்கும் நைட்ரஸ், வெளியே பாய்ந்ததும் ஆவியாகிக் கடுங்குளிரை உண்டாக்குகிறது. அதன் கொதிநிலை பூஜ்யத்துக்குக் கீழே 88 பாகை. உள்ளே போகும் காற்று குளிர்ந்து அடர்த்தியாகிறது. நம் ஊர் வெக்கைக்கு இது ஒரு வரம்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் காற்று மெலிந்த உயரங்களில் மூச்சுத் திணறாமல் இருக்க, ஜிஎம்-1 என்ற பெயரில் நைட்ரஸைப் பயன்படுத்தின.

இப்போது முக்கியமான கணக்கு. 1 கிலோ பெட்ரோலைச் சரியாக எரிக்க 14.7 கிலோ காற்று தேவை. அதே 1 கிலோவை எரிக்க 9.6 கிலோ நைட்ரஸ் போதும். திருப்பிச் சொன்னால், உள்ளே போகும் ஒவ்வொரு கிலோ நைட்ரஸும் அதே எடைக் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெட்ரோல் கேட்கிறது. நடைமுறையில் இதைவிடவும் தாராளமாகவே பெட்ரோல் கொடுப்பார்கள். மிகுதிப் பெட்ரோல் வெப்பத்தைத் தணிக்கும். அந்தப் பெட்ரோல் வராவிட்டால்? எரிப்பு அறையின் வெப்பம் எகிறும். 'டிக் டிக்' என்று நாக்கிங் தொடங்கும். பிஸ்டன் ரிங் உட்கார்ந்திருக்கும் விளிம்பு உடையும். அல்லது பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழும். இதற்கு நிமிடக் கணக்கு வேண்டாம், சில விநாடிகள் போதும். "நைட்ரஸ் போட்டான், இஞ்சின் போச்சு" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். உண்மையில் அந்த இஞ்சினைக் கொன்றது நைட்ரஸ் அல்ல, பெட்ரோல் பஞ்சம்.

இரண்டு வழிகள்

வெட் கிட், அதாவது ஈர முறையில், நைட்ரஸும் பெட்ரோலும் ஒன்றாகவே தெளிக்கப்படுகின்றன. திரோட்டலுக்கு முன்னால் காற்றுக் குழாயில் ஒரு நாசில் பொருத்துவார்கள். அதற்கு இரண்டு குழாய்கள், இரண்டு சொலினாய்டு வால்வுகள். ஒன்று போத்தலிலிருந்து நைட்ரஸைக் கொண்டுவரும். மற்றது காடியின் பெட்ரோல் குழாயிலிருந்து பெட்ரோலைக் கொண்டுவரும். எவ்வளவு நைட்ரஸ், எவ்வளவு பெட்ரோல் என்பதை இரண்டு சிறு ஜெட்டுகளின் துளை அளவு தீர்மானிக்கிறது. இஞ்சினில் ஏற்கெனவே உள்ள இன்ஜெக்டர்கள் தங்கள் வழக்கமான வேலையை மட்டும் பார்க்கும். சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு வரும் விருந்தாளி மாதிரி.

டிரை கிட், அதாவது உலர் முறையில், நாசிலிலிருந்து நைட்ரஸ் மட்டுமே வரும். கூடுதல் பெட்ரோலை இஞ்சினின் சொந்த இன்ஜெக்டர்களே கொடுத்தாக வேண்டும். வெறுங்கையோடு வரும் விருந்தாளி. வீட்டில் அரிசி இருக்கிறதா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெட் கிட் எங்கே காலை வாரும்?

இன்றைய இஞ்சின்களில் இன்டேக் மேனிபோல்ட் காற்று மட்டும் போவதற்காக வடிவமைக்கப்பட்டது. பெட்ரோல் தெளிப்பது இன்டேக் வால்வுக்குப் பக்கத்தில்தான். வெட் கிட் போட்டால் பெட்ரோல் துளிகளும் மேனிபோல்ட் முழுவதும் பயணம் செய்ய வேண்டும். காற்று வளைவில் சுலபமாகத் திரும்பும். கனமான துளி திரும்பாது. சுவரில் மோதிப் படியும். சில சிலிண்டருக்குப் பெட்ரோல் மிகுதி, சிலவற்றுக்குக் குறைவு என்று பங்கீடு கோணலாகும். குறைவாகக் கிடைத்த சிலிண்டர்தான் முதலில் போகும்.

இதைவிட மோசமானது, மேனிபோல்டின் அடியில் பெட்ரோல் தேங்குவது. இஞ்சின் வேகம் குறைவாக இருக்கும்போது பொத்தானை அழுத்தினால் காற்றோட்டம் போதாமல் பெட்ரோல் குட்டையாக நிற்கும். ஒரு பொறி பின்னோக்கி வந்தால் மேனிபோல்டுக்குள்ளேயே வெடிக்கும். பிளாஸ்டிக் மேனிபோல்ட் என்றால் சிதறிப்போகவும் கூடும்.

உதாரணத்துக்கு, சத்ரியா நியோவில் வந்த கேம்புரோ சிபிஎஸ் இஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குறைந்த வேகத்துக்கு நீண்ட பாதை, உயர் வேகத்துக்குக் குறுகிய பாதை என்று மாறும் மேனிபோல்ட் இருக்கிறது. காற்றுக்கு அது அருமையான ஏற்பாடு. பெட்ரோல் துளிகளுக்கோ வளைந்து நெளிந்த சந்து.

மூன்றாவது தொல்லை பெட்ரோல் பம்பு. வெட் கிட் இன்ஜெக்டர்களைச் சார்ந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் அதே பம்பிலிருந்துதான் குடிக்கிறது. பதினைந்து ஆண்டு ஓடிய காடியில் பம்பு களைத்திருக்கும், பில்டர் பாதி அடைத்திருக்கும். முழு வேகத்தில் அழுத்தம் இறங்கினால் நாசிலுக்கும் பெட்ரோல் குறையும், இன்ஜெக்டர்களுக்கும் குறையும். அடி இரண்டு பக்கமும் விழும்.

டிரை கிட் எங்கே காலை வாரும்?

டிரை கிட்டில் மேனிபோல்டுக்குள் வாயு மட்டுமே போவதால் தேங்கல் பயம் இல்லை. நான்கு சிலிண்டருக்கும் பங்கீடு சீராக இருக்கும். பாகங்களும் குறைவு. பார்க்க எளிமையாகத் தெரியும். ஆனால் அந்த எளிமை, வேலை முழுவதையும் இன்ஜெக்டர்கள் தலையில் கட்டுவதால் வந்த எளிமை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்ரோல் இஞ்சினில் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 5 மில்லிலிட்டருக்குச் சற்று மேல் பெட்ரோல் தேவை என்பது பட்டறைகளில் புழங்கும் கணக்கு. ஜென்-2வில் வந்த 1.6 லிட்டர் கேம்புரோ 110 குதிரைத்திறன். நான்கு இன்ஜெக்டர்களுக்குப் பங்கிட்டு, ஒவ்வொன்றும் அதன் முழுத் திறனில் 85 விழுக்காட்டுக்கு மேல் உழைக்கக் கூடாது என்று வைத்தால், ஓர் இன்ஜெக்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 மில்லிலிட்டர் அளவில் இருக்க வேண்டும். இதற்கு மேல் 50 குதிரைத்திறன் நைட்ரஸ் சேர்த்தால் தேவை 250ஐ நெருங்கும். ஏறக்குறைய பாதி கூடுதல். தொழிற்சாலையில் பொருத்திய இன்ஜெக்டரில் அவ்வளவு மிச்சம் வைத்திருப்பார்களா? உங்கள் இன்ஜெக்டரின் அளவு தெரியாமல் டிரை கிட் வாங்குவது, அளவு சொல்லாமல் சட்டை தைக்கக் கொடுப்பது போல.

மிச்சம் இருந்தாலும், இப்போது கூடுதலாகத் தெளிக்க வேண்டும் என்று இன்ஜெக்டருக்கு யார் சொல்வது? பழைய டிரை கிட்டுகள், பெட்ரோல் ரெகுலேட்டருக்கு அழுத்தம் கொடுத்து முழு அமைப்பின் அழுத்தத்தையும் ஏற்றிவிடும். புதிய காடிகள் பலவற்றில் ரெகுலேட்டர் பெட்ரோல் டாங்கிக்குள்ளேயே இருப்பதால் அந்த வித்தை பலிக்காது. காற்றின் எடையை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள காடிகளில் அதற்கு முன்னால் நைட்ரஸைத் தெளிப்பார்கள். சென்சார் குளிர்ந்து, காற்று கூடுதலாக வருகிறது என்று இசியூவிடம் சொல்லும். இசியூ பெட்ரோலைக் கூட்டும். ஆனால் நம் நாட்டில் ஓடும் சிறிய காடிகளில் பல, மாஃப் இல்லாமல் மேனிபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை நம்பியே ஓடுகின்றன. முழு திரோட்டலில் அந்த அழுத்தம் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும். நைட்ரஸ் வந்தது அதற்குத் தெரியவே தெரியாது. அப்படிப்பட்ட காடிக்கு டிரை கிட் என்றால் இசியூவை மாற்றி எழுதியே ஆக வேண்டும். மலிவாகக் கிடைத்த கிட்டை மட்டும் மாட்டிவிட்டுக் கிளம்பினால், பெட்ரோல் பஞ்சம் உறுதி.

நம் ஊர் வெயில்

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. "போத்தலுக்கு ஹீட்டர் போடு" என்று அவர்கள் சொல்வார்கள். கிட் தயாரிப்பாளர்கள் ஜெட் அளவுகளைப் போத்தலின் அழுத்தம் ஏறத்தாழ 900 முதல் 1,000 பிஎஸ்ஐ வரை இருக்கும் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். நைட்ரஸ் அந்த அழுத்தத்துக்கு வருவது சுமார் 30 பாகையில். நமக்கு அது நிழலிலேயே கிடைக்கிறது. நம் கவலை நேர் எதிரானது.

நைட்ரஸ் 36.4 பாகைக்கு மேல் திரவமாகவே இருக்காது. வெயிலில் நிறுத்திய காடியின் பின்பெட்டி எவ்வளவு சூடாகும் என்று சந்தைக்குப் போய் மீன் வாங்கிவந்து மறந்தவர்களைக் கேளுங்கள்! சூடு ஏறினால் போத்தலின் அழுத்தம் மளமளவென்று ஏறும். அழுத்தம் ஏறினால் அதே ஜெட் வழியாகக் கூடுதல் நைட்ரஸ் பாயும். பெட்ரோலின் அளவு மட்டும் கூடாது. வெட் ஆனாலும் டிரை ஆனாலும் விளைவு ஒன்றே. அதனால் நம் ஊரில் ஹீட்டரைவிட ஓர் அழுத்தமானிதான் அவசியம். அதைப் பார்க்காமல் போத்தலைத் திறக்கக் கூடாது.

அழுத்தம் அளவு மீறினால் போத்தல் வெடிக்காமல் இருக்க, வால்வில் ஒரு பாதுகாப்புத் தகடு இருக்கும். அது கிழிந்து வாயுவை வெளியே விடும். மைவி போன்ற காடியில் பின்பெட்டியும் உட்கார்ந்திருக்கும் இடமும் ஒரே அறை. தகட்டிலிருந்து ஒரு குழாயைக் காடிக்கு வெளியே விடாவிட்டால், அவ்வளவு வாயுவும் உங்கள் மேல்தான் வரும். உள்ளே இருக்கும் காற்றை அது தள்ளிவிடும். மூச்சு முட்டும். இதை மட்டும் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். இஞ்சினை மாற்றலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

என் முடிவைச் சொல்கிறேன்.

கார்புரேட்டர் உள்ள பழைய சாகா போன்ற காடி என்றால் பேச்சுக்கே இடமில்லை, வெட்தான். அதில் டிரை கிட் கட்டளையிட இன்ஜெக்டரே கிடையாது.

தொழிற்சாலையில் வந்த இசியூ, தொழிற்சாலை இன்ஜெக்டர், 1.3 முதல் 1.6 லிட்டர் வரையிலான சாதாரண இஞ்சின் என்றால், சிறிய ஜெட் போட்ட வெட் கிட். 35 குதிரைத்திறனில் தொடங்குங்கள். 50ஐத் தாண்ட வேண்டாம். ஆனால் அதற்கு முன் பெட்ரோல் பில்டரை மாற்றி, முழு வேகத்தில் பெட்ரோல் அழுத்தம் நிற்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் நைட்ரஸைத் தானாக நிறுத்தும் சுவிட்ச் கட்டாயம். சிபிஎஸ் போல நீண்ட, வளைந்த மேனிபோல்ட் உள்ளவர்கள் 35லேயே நின்றுகொள்வது நல்லது.

தனி இசியூ, பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்பு எல்லாம் ஏற்கெனவே போட்டு, டைனோவில் ஏற்றிச் சரிசெய்யத் தெரிந்த ஆளும் கிடைத்தவர்களுக்கு டிரை கிட்தான் என் பரிந்துரை. பெட்ரோலைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தலாம். மேனிபோல்டும் காய்ந்தே இருக்கும். ஆனால் கவனியுங்கள்: கிட்டின் விலையைவிட அதற்கு முன் செய்ய வேண்டிய வேலையின் விலைதான் அதிகம். "டிரை மலிவு" என்று சொல்பவர் அந்த வேலையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எதைப் போட்டாலும் சில விதிகள் பொது. திரோட்டலை முழுமையாக மிதித்திருக்கும்போது மட்டுமே நைட்ரஸ் பாய வேண்டும். இஞ்சின் 3,000 சுழற்சியைத் தாண்டிய பிறகு தொடங்கி, ரெவ் லிமிட்டரைத் தொடுவதற்குச் சில நூறு சுழற்சிக்கு முன்பே நின்றுவிட வேண்டும். லிமிட்டர் பெட்ரோலை வெட்டும் அந்த நொடியில் நைட்ரஸ் பாய்ந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை இதற்குள் நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஒரு படி குளிர்ச்சியான பிளக் போடுங்கள். 50 குதிரைத்திறனுக்கு இக்னிஷனை 2 பாகை பின்தள்ளுங்கள். ரோன் 97க்குக் குறைந்த பெட்ரோல் வேண்டாம். ஏற்கெனவே எண்ணெய் குடிக்கும் இஞ்சினுக்கு இரண்டுமே வேண்டாம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

கடைக்குப் போகும் தம்பிகள் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். என் இஞ்சினின் இன்ஜெக்டர் அளவு என்ன? பம்பு அழுத்தத்தை அளந்து காட்டுவீர்களா? என் காடியில் இருப்பது மாஃப் சென்சாரா, மேப் சென்சாரா? பொருத்திய பிறகு டைனோவில் ஏற்றிக் காற்று, பெட்ரோல் விகிதத்தைக் காட்டுவீர்களா? பதில் சொல்லாமல் "அதெல்லாம் பிரச்சினை இல்லை பாஸ், எல்லோரும் போடுகிறார்கள்" என்று தோளில் தட்டினால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பயன்படுத்திய கிட் வாங்குபவர்கள் சொலினாய்டுகளை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். வெட் கிட்டில் பெட்ரோல் சொலினாய்டு மட்டும் மக்கர் செய்தால், அது அந்த நொடியே பெட்ரோல் இல்லாத டிரை கிட்டாக மாறிவிடும்.

கடைசியாக ஒன்று. நைட்ரஸுக்குரிய இடம் பந்தயத் தடம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் பொதுச் சாலையில் பந்தயம் ஓடுவதைத் தடை செய்கிறது. அனுமதி இல்லாமல் இஞ்சினை மாற்றியமைத்தால் ஜேபிஜேவுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நடந்த அன்று இழப்பீட்டுக்கே உலை வைக்கலாம். 4.5 கிலோ போத்தல் ஒன்று, 50 குதிரைத்திறன் ஜெட்டில் மூன்று நிமிடம் போலத்தான் தாங்கும். அந்த மூன்று நிமிடத்தைச் சிப்பாங் போன்ற தடத்தில் செலவழித்தால் இனிமையான நினைவாக இருக்கும். நெடுஞ்சாலையில் செலவழித்தால், அதன் பில் உங்கள் பெயருக்கு மட்டும் வராது; எதிரே குடும்பத்தோடு வருபவருக்கும் போகும்.

அடுத்த வாரம் இதே பெட்ரோல் பம்பைப் பற்றி எழுதுகிறேன். நைட்ரஸ் போடாதவர்களுக்கும் அது பயன்படும். காடி மேட்டில் திணறுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.